கேளுங்கள் அக்கா: ஊதுபத்தி, காலி வீடு, டோட்டோ

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. "நான் கிறிஸ்தவள், ஆனால் வேலையிடத்தில்...", "நாங்கள் விசுவாசிகள், ஆனால் எங்கள் பையன்..." என்று. அந்த "ஆனால்" கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை. 36 ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள், அவ்வளவுதான். வேதம் படித்தவர்கள் என்னைத் திருத்தி எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அக்கா, துவாஸில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கிற ஏழாம் மாதம் வந்தால் எங்கள் முதலாளி கிடங்கு வாசலில் மேசை போட்டுப் படையல் வைப்பார். ஊழியர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஊதுபத்தி பிடிப்பது வழக்கம். போன ஆண்டு நான் கழிவறையில் போய் அரை மணி நேரம் ஒளிந்துகொண்டேன். எங்கே போனாய் என்று முதலாளி கேட்டதும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். "அது வெறும் குச்சி, பிடித்தால் என்ன" என்கிறார் என் கணவர். "பிடித்தால் என் மகளே இல்லை" என்கிறார் அம்மா. இந்த ஆண்டு என்ன செய்வது?
வாசகி, சுவா சூ காங்

பதில்: வயிற்றுவலியா? அந்த நோயில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஈஸ்டர் ஞாயிறு, விடியற்காலை ஆராதனை. எனக்குக் காலை முறை வேலை. மேற்பார்வைத் தாதியிடம் விடுப்புக் கேட்கப் பயம். வயிற்றுவலி என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விட்டேன். என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் என்னைவிட மூத்த ஒரு மலாய்த் தாதி. மறுநாள் அவர் எனக்காகத் தூக்கில் கஞ்சி கொண்டு வந்திருந்தார், வயிற்றுக்கு நல்லது என்று. அந்தக் கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் நன்றாகவே திட்டினார். "கடவுளைக் கும்பிடப் போக யாராவது பொய் சொல்வார்களா? என்னிடம் கேட்டிருந்தால் நோன்புப் பெருநாளுக்கு மாற்றிக்கொண்டிருப்பேனே" என்றார். அன்று தொடங்கியது எங்கள் ஒப்பந்தம். ஈஸ்டர் எனக்கு, பெருநாள் அவருக்கு. சீனப் புத்தாண்டு 2 நாளும் இருவரும் வேலை. ஞாயிறு காலை எனக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு யாரும் விரும்பாத முறையை நான் எடுத்துக்கொள்வேன். பல ஞாயிறுகளில் பிரசங்கத்தின்போது தூங்கி வழிந்திருக்கிறேன், அது வேறு கதை.

தானியேல் என்றால் எல்லாருக்கும் சிங்கக் கெபிதான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது முதலாம் அதிகாரம். பாபிலோனில் அவனுக்குப் பெயரையே பெல்தெஷாத்சார் என்று மாற்றுகிறார்கள், பேசாமல் இருக்கிறான். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொள் என்கிறார்கள், கற்றுக்கொள்கிறான். ராஜாவின் சாப்பாடு வரும்போதுதான் நிற்கிறான். அப்போதும் தட்டைத் தள்ளிவிடவில்லை. அதிகாரியிடம் போய் வேண்டிக்கொள்கிறான். அதிகாரிக்குத் தன் தலை போய்விடுமோ என்று பயம். அதையும் புரிந்துகொண்டு, 10 நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியும் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கவும் இல்லை, நிற்க வேண்டிய இடத்தில் ஒளியவும் இல்லை.

ஆகவே, படையல் நாளன்று கையில் ஊதுபத்தி வந்த பிறகு முழிக்காதீர்கள். 2 வாரம் முன்னால், முதலாளி தனியாக இருக்கும்போது போய்ப் பேசுங்கள். போன ஆண்டு சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும். "என் விசுவாசப்படி நான் ஊதுபத்தி பிடிப்பதில்லை. ஆனால் மேசை தூக்குவேன், நாற்காலி போடுவேன், எல்லாரோடும் மரியாதையாக ஓரத்தில் நிற்பேன்" என்று சொல்லுங்கள். அன்று யாராவது தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. வருடம் முழுக்க லாரியும் பளுதூக்கியும் ஓடுகிற இடம், யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாதே என்ற பயத்தில் கும்பிடுகிறார். அவருக்கு இது புதிதாகவும் இருக்காது. சீனக் குடும்பங்களில் தாத்தா பாட்டி இறந்தால் கிறிஸ்தவப் பேரப்பிள்ளைகள் ஊதுபத்தி பிடிக்காமல் தலை தாழ்த்தி நிற்பதை நான் எத்தனையோ துக்க வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் மதமும் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை அதில் தொடங்காதீர்கள்.

உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை. வெறும் குச்சி என்று சொல்வது தாராள மனசு போலத் தெரியும். ஆனால் அதை நம்பிக்கையோடு கையில் பிடிக்கிற மனிதருக்கு அது வெறும் குச்சி இல்லை. நம்பாத நான் வரிசையில் நின்று பிடித்தால் அவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றுகிறேன்.

அம்மாவுக்கு நாகமானை நினைவுபடுத்துங்கள். சீரியா தேசத்துத் தளபதி. குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை நம்பிய பிறகு தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில்தான் சாய்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்றார். உங்கள் கையில் எந்த ராஜாவும் சாய்ந்திருக்கவில்லை, அதனால் நாகமானுக்குக் கிடைத்த சலுகை உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் தெரியாமலோ பயந்தோ ஒருமுறை பிடித்துவிட்ட பிள்ளையை "என் மகளே இல்லை" என்று சொல்ல எலிசாவுக்கே மனம் வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியட்டும்.

கேள்வி: வணக்கம் ஆன்ட்டி. எனக்கு 29 வயது. எங்கள் பிடிஓ வீட்டின் (பதிவு செய்த பிறகு அரசு கட்டித் தரும் புது வீடு) சாவி மார்ச்சில் கிடைத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பதால் மே மாதம் பதிவுத் திருமணம் முடித்துவிட்டோம். ஆலயத்தில் திருமணம் அடுத்த ஆண்டு டிசம்பரில்தான், நாங்கள் விரும்பிய ஹோட்டல் மண்டபம் அப்போதுதான் கிடைத்தது. அதுவரை நான் என் வீட்டில், அவர் அவர் வீட்டில். புது வீடு பூட்டிக் கிடக்கிறது, மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள்: "சட்டப்படி புருஷன் பெண்டாட்டி, இந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாதவர்களே சேர்ந்து இருக்கிறார்கள்." பெற்றோர், "பதிவு வெறும் காகிதம், ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, போதகர் ஐயர் ஜெபம் பண்ணாமல் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கக்கூடாது" என்கிறார்கள். உலகத்துக்கு ஒத்துப்போவதா, விசுவாசத்தில் நிற்பதா?
வாசகர், செங்காங்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை 3 முறை படித்தேன். மண்டபம் இருக்கிறது, தவணை இருக்கிறது, நண்பர்கள் சிரிப்புகூட இருக்கிறது. அந்தப் பெண் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள், எனக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்காக.

சரி, கேள்விக்கு வருவோம். இதில் உலகம் ஒரு பக்கம், விசுவாசம் மறுபக்கம் என்று நீங்கள் கோடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கோடு வேறு இடத்தில் தெரிகிறது.

மே மாதம் 2 சாட்சிகளுக்கு முன்னால் இவரை மனைவியாக ஏற்கிறேன் என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். அது காகிதமா? வீடு வாங்குவதற்காக ஒரு கையெழுத்து, உண்மையான கல்யாணம் பிறகு என்று நினைக்கப் பழகியிருக்கிறோமே, அதுதான் நான் பார்க்கிற உலகத்தின் வேலை. உங்கள் நண்பர்கள் ஆலயத் திருமணத்தை அலங்காரம் என்கிறார்கள். உங்கள் பெற்றோர் பதிவுத் திருமணத்தைக் காகிதம் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வாக்குறுதியின் எடையைக் குறைக்கிறார்கள். உங்கள் "ஆம்" "ஆம்" என்றே இருக்கட்டும் என்று கர்த்தர் சொன்னபோது, எந்த மேசைக்கு முன்னால் சொன்ன "ஆம்" என்று பிரிக்கவில்லை.

இதனால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. தேவனுடைய சமூகத்தில், சபையார் கண்ணுக்கு முன்னால் குடும்பமாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. எனக்கும் அதில் உறுதியான பிடிப்பு உண்டு. ஆனால் அந்த ஆசீர்வாதத்தை அடுத்த டிசம்பர் வரை தள்ளி வைத்திருப்பது யார்? போதகரா? ஹோட்டல் மண்டபம்!

ஓபிர் ரோட்டில் லூர்து அன்னை ஆலயம் 1888இல் எழும்பியது, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. அங்கே மணமேடை ஏறிய முதல் ஜோடிகளில் யார் விருந்துக் கூடத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்திருப்பார்கள்? அவ்வளவு தூரம் போவானேன், என் கல்யாணம் 1983இல், ஒரு சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் கறிபஃப், கேசரி, பெரிய அண்டாவில் பண்டோங். 7 மணிக்கு வாலிபர் சங்கத்துப் பையன்கள் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கேசரியில் சீனி கூடிப்போச்சு என்று என் பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே இருவரும் சேர்ந்து போதகரைப் பார்ப்பேன். அடுத்த 3 ஞாயிறு ஓலை வாசிக்கட்டும். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு குடும்பமும் நெருங்கிய சிலரும், 25 பேர் போதும், ஆலயத்தில் திருமண ஆராதனை. அன்று இரவு புது வீட்டில் பால் காய்ச்சி ஜெபம். டிசம்பரில் அதே மண்டபத்தில் நன்றி விருந்து வையுங்கள், கொடுத்த முன்பணமும் வீணாகாது. உங்கள் அம்மாவுக்கு ஓலை கிடைக்கும், உங்கள் தவணைக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும்.

எதிர்ப்பு வரும். "ஏன் இவ்வளவு அவசரம்" என்று உறவுக்காரர்கள் கண்ணடிப்பார்கள், பெண்ணின் வயிற்றைப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தைத் தாங்கத்தான் வேண்டும். அதற்குப் பயந்து டிசம்பர் வரை காத்திருப்பதை விசுவாசத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

இதைப் படிக்கிற, இன்னும் பதிவு செய்யாத ஜோடிகளுக்கு: போதகர்களில் பலர் அரசாங்க உரிமம் பெற்ற திருமணப் பதிவாளர்களாகவும் இருக்கிறார்கள். 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டால் பதிவும் ஆராதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் முடிந்துவிடும். சாவி வரும் என்று தெரிந்தவுடனே போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டு டோட்டோ லாட்டரிக்கு அலுவலகத்தில் ஆளுக்கு 10 வெள்ளி போடுகிறார்கள். நான் மறுத்தால், "நாளைக்கு நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிடுவோம், நீ மட்டும் தனியாக உட்கார்ந்திரு" என்று கேலி. 10 வெள்ளிக்காகச் சண்டையா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சண்டை வேண்டாம், 10 வெள்ளியும் வேண்டாம். 49 எண்ணில் 6 எண் சரியாக விழ வேண்டும். கணக்குப் போட்டால் 1 கோடியே 39 லட்சத்து 83 ஆயிரத்து 816இல் ஒரு வாய்ப்பு. நீங்கள் தனியாக உட்காரப் போவதில்லை.

அதே 10 வெள்ளிக்கு அன்னாசித் தார்ட் வாங்கிப் போய் மேசையில் வையுங்கள். கஞ்சத்தனத்தால் மறுக்கவில்லை என்பது அவர்களுக்குப் புரியும், கேலி பாதி அடங்கிவிடும். மீதிப் பாதியைச் சகித்துக்கொள்ளுங்கள். சூதாட்டம் வேண்டாம் என்று சபை சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். சூதாட்டக் கூடத்தின் வாசலில் சிங்கப்பூரர்களிடம் மட்டும் முதலில் 100 வெள்ளியும் 2019 முதல் 150 வெள்ளியும் வாங்கிக்கொண்டு அரசாங்கமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. (நிரந்தரவாசிகளும் கொடுக்க வேண்டும், அவர்களை விட்டுவிட்டேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.)

கேள்வி: அன்புள்ள சகோதரி, என் மகனுக்கு 21 வயது. ஞாயிறுப் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு ஆண்டுதோறும் பரிசு வாங்கியவன். தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போன பிறகு, "எனக்கு மதமே இல்லை, என்னை ஆலயத்துக்குக் கூப்பிடாதீர்கள்" என்கிறான். என் வீட்டில் இருக்கும்வரை வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லலாமா? ஜெபக்கூட்டத்தில் எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். அழுகையை அடக்க முடியவில்லை.
தாய், ஈசூன்

பதில்: அம்மா, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மதம் இல்லை என்று சொன்னவர்கள் 20 விழுக்காடு, 2010இல் அது 17. உங்கள் வளர்ப்பில்தான் குறை என்று இரவெல்லாம் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதனால் வலி குறையாது என்பதும் தெரியும். என் மகனும் அந்த 20இல் ஒருவன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது ஜெபக்கூட்டம் பற்றிய வரி. நானும் அதைத்தான் செய்தேன். வீட்டு ஜெபக்கூட்டத்தில் "ஜெபக்குறிப்பு" என்று தொடங்கி, அவன் என்னிடம் தனியாகச் சொன்ன சந்தேகங்கள், அவன் படிக்கிற புத்தகங்கள், அவனுடைய தோழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெபம் என்று நினைத்துத்தான் கொட்டினேன். 2 வாரம் கழித்துத் தேக்கா சந்தையில், மீன் கடைக்கு முன்னால், சபையார் ஒருவர் அவன் தோளில் கைபோட்டு, "தம்பி, உனக்காகத்தான் கண்ணீரோடு ஜெபிக்கிறோம், அந்தப் பிள்ளையை விட்டுவிடு" என்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவன் கத்தவில்லை. "இனிமேல் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டேன் அம்மா" என்றான். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே இருந்தான். சாப்பாடு, வேலை, மழை, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட அடுத்த நாளே சரியாகிவிடவில்லை. ஜெபக்கூட்டத்திலும் சொன்னேன், இனி என் மகன் பெயரை யாரும் எடுக்க வேண்டாம், எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று. சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். 9 வயதுப் பிள்ளை என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். துப்பாக்கி தூக்கி நாட்டைக் காத்துவிட்டு வந்தவனை எப்படி இழுப்பீர்கள்? உடம்பு வந்து கடைசி இருக்கையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும். காணாமற்போன மகன் கதையில் தகப்பன் ஊர் ஊராக ஆள் அனுப்பவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்தாரே. ஆனால் உங்கள் விசுவாசத்தை அவனுக்காக ஒளித்து வைக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதை நிறுத்தாதீர்கள், சுருக்கமாக ஜெபியுங்கள். குழம்பு ஆறிப்போகும் அளவுக்கு நீட்டி அதில் அவனுக்கு மறைமுகப் பிரசங்கம் வைக்காதீர்கள். அவன் என்ன படிக்கிறான், ஏன் நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்து பாருங்கள். எனக்கு அது உபவாசத்தைவிடக் கடினமாக இருந்தது.

என் மகன் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. மழை பெய்கிற ஞாயிறுகளில் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவான். ஆராதனை முடியும்வரை எதிரே கோப்பிக்கடையில் கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன மாதம் காரில் ஏறியதும், "இன்றைக்கு எதைப் பற்றிப் பேசினார்கள்?" என்று கேட்டான். யோபு என்றேன். "அவர் பாவம்" என்றான். பிறகு கிராஞ்சி வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

கேள்வி: சீனப் புத்தாண்டு விருந்தில் எல்லாரும் சேர்ந்து குச்சியால் கலந்து தூக்கிப் போடும் லோ ஹெய் தூக்கிப் போடலாமா அக்கா? அது சாமி கும்பிடுவதில் சேருமா?
வாசகி, பிடோக்

பதில்: அது சீவிய காய்கறியும் மீனும், கூடவே வாய் நிறைய நல்வாக்கு. என் பக்கத்து வீட்டு அம்மா வருடம் தவறாமல் கூப்பிடுவார். எல்லாரும் "ஹுவாட் ஆ" (செழிப்பு வரட்டும்) என்று கத்தும்போது நான் "ஆமென்" என்று கத்துவேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. முள்ளங்கிச் சீவல் தலைமுடியில் மாட்டிக்கொள்ளும், பிளம் சாறு தெறிக்கும். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுப் போகாதீர்கள்.